பொதுக் குடியிருப்புல நடுவுல இருக்கற இடத்த இயற்கை முறைல பராமரிக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது?

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். குறைஞ்ச வாடகைக்குக் கொடுக்கற பொதுக் குடியிருப்பு, ஆறு பிளாக், நடுவுல பெரிய புல்வெளி, ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ மெஷின் வந்து ஒட்ட வெட்டிட்டுப் போகுது, நடைபாதை இடுக்குல களைக்கொல்லி அடிக்கறாங்க, நல்ல மழை பெஞ்சா ரெண்டாவது பிளாக் வாசல்ல தண்ணி தேங்குது. இத மாத்தணும்னு குடியிருப்போர் குழுவுல நாலு பேர் நினைக்கறீங்க, மத்தவங்கள்ல பாதிப் பேருக்கு இஷ்டமில்ல, கையில காசும் இல்ல, என்ன செடி வெக்கலாம்னு கேட்டிருக்கீங்க.

செடிலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. பதினாறு வருஷமா இந்த மாதிரி குடியிருப்புகளோட வெளி இடத்தப் பாத்துக்கற வேலைல இருக்கேன், செடிலேர்ந்து ஆரம்பிச்ச எந்த இடமும் மூணாவது வருஷம் நின்னு நான் பாத்ததில்ல. முதல்ல குடியிருப்ப நடத்தற நிறுவனத்துகிட்ட பராமரிப்பு காண்ட்ராக்ட கேட்டு வாங்குங்க. வருஷத்துக்கு எத்தன வெட்டு, எந்த உயரம், வெட்டின புல்ல அள்ளணுமா அங்கயே விடணுமா, வேலி எப்ப வெட்டணும், எந்த மருந்து எங்க அடிக்கணும், வேலை முடிஞ்சதுன்னு யார் கையெழுத்துப் போடணும், எல்லாம் அதுல இருக்கும். அந்த அஞ்சாறு பக்கத்துல என்ன எழுதியிருக்கோ அப்படித்தான் உங்க இடம் இருக்கும், நீங்க மேல என்ன நட்டாலும் சரி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒரு குடியிருப்புல ரெண்டு பிளாக்குக்கு நடுவுல ஒரு டென்னிஸ் கோர்ட் அளவு இடத்த வெட்டாம விட்டு, காட்டுப்பூ விதை தூவி, பசங்க எல்லாம் மரக்குச்சில பெயின்ட்ல பூப்பேர் எழுதி வரிசையா நட்டு வெச்சிருந்தாங்க. பூ வர ஆரம்பிச்ச வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலைல மெஷின் வந்துச்சு. சாயந்திரம் நான் போய்ப் பாத்தப்ப தரை மொட்டையா இருந்துச்சு, அந்தக் குச்சிங்க மட்டும் ஒண்ணு விடாம பிடுங்கி சுவரோரமா ஒரே சீரா அடுக்கி வெச்சிருந்துச்சு. மெஷின் ஓட்டுன பையன் கெட்டவன் இல்ல, எவ்வளவு பொறுப்பா எடுத்து வெச்சிருக்கான் பாருங்க, அவன் கையில இருந்த ஷீட்ல அந்த இடத்துக்கு வருஷத்துக்கு 14 வெட்டுன்னு போட்டிருந்துச்சு, வெட்டலன்னா அவனுக்குச் சம்பளம் பிடிப்பாங்க. நாங்க மீட்டிங் போட்டோம், விதை வாங்கினோம், பசங்களக் கூட்டினோம், அந்த ஷீட்ட மாத்தல. அந்த ஒரு வருஷ உழைப்பு போனதுக்கு நானும் பொறுப்பு, இன்னைக்கும் அது மனசுல உறுத்துது.

அதனால முதல் வேலை ஒரு மேப். பெரிய பேப்பர்ல உங்க ஆறு பிளாக்கையும் வரைஞ்சுட்டு, எந்த இடத்த யார் எதுக்குப் பயன்படுத்தறாங்கன்னு குறிங்க. பசங்க பந்து விளையாடற இடம், துணி காயப்போடற இடம், குறுக்கு வழியா எல்லாரும் நடந்து நடந்து தேஞ்ச பாதை, யாருமே கால் வெக்காத சரிவு, கட்டடத்துக்குப் பின்னாடி நிழல்ல கிடக்கற துண்டு. பந்து விளையாடற இடத்துல வழக்கம்போல வெட்டணும், அத இயற்கைப் பகுதியா மாத்தறேன்னு போனா பசங்களும் அம்மாக்களும் எதிரா நிப்பாங்க, அவங்க பக்கம்தான் நியாயம். யாரும் கால் வெக்காத சரிவுல வருஷத்துக்கு ரெண்டு வெட்டு போதும். இப்படிப் பகுதி பகுதியாப் பிரிச்சுப் பராமரிக்கற முறை புதுசில்ல, பிரான்ஸ்ல ரென் நகரம் 1980-கள்லயே பொதுப் பூங்காக்கள்ல இத ஆரம்பிச்சிடுச்சு, அப்புறம் அந்த நாட்டுல வீட்டுவசதி நிறுவனங்களும் எடுத்துக்கிட்டாங்க. எல்லா இடத்தையும் ஒரே மாதிரி மொட்டை அடிக்காம, எந்த இடத்துக்கு என்ன தேவையோ அத மட்டும் செய்யறது, அவ்வளவுதான் விஷயம்.

வெட்டைக் குறைக்கறதுன்னா சும்மா விட்டுடறதுன்னு நினைக்காதீங்க, இதுல ரெண்டு நுணுக்கம் இருக்கு. ஒண்ணு, வெட்டின புல்ல கண்டிப்பா அள்ளி வெளிய எடுக்கணும். அங்கயே விட்டா அது மக்கி மண்ணுக்கு உரமாகுது, உரம் ஏறின மண்ணுல முரட்டுப் புல்லுதான் ஓங்கி வளரும், சின்னச் சின்ன பூச்செடி மூச்சு விட முடியாம செத்துப்போகும். காட்டுப்பூவுக்கு இளைச்ச மண்ணுதான் பிடிக்கும், உரம் போட்டு வளர்க்கறதுன்னு நமக்குப் பழகின எண்ணத்துக்கு இது நேர் எதிர், அதனாலதான் நிறையப் பேர் இங்க தப்பு பண்ணுறாங்க. ரெண்டாவது, எப்ப வெட்டணும்ங்கறது. உங்க ஊர்ப் பருவம் எனக்குத் தெரியாது, அதனால மாசக் கணக்கு வேண்டாம், செடிக் கணக்கு சொல்றேன்: பூ வாடி, காய் காஞ்சு, கையில தேச்சா விதை உதிரணும், அப்ப வெட்டுங்க. வெட்டினத ஒரு ரெண்டு மூணு நாள் அங்கயே காய விட்டு, விதை உதிர்ந்த பிறகு அள்ளுங்க. மொத்த இடத்தையும் ஒரே நாள்ல வெட்டவும் வேண்டாம், கால்வாசிய அப்படியே நிக்க விட்டா பூச்சிங்க ஒதுங்க இடம் இருக்கும், அடுத்த வருஷம் வேற கால்வாசி.

இப்ப இஷ்டமில்லாத பாதிப் பேருக்கு வருவோம், ஏன்னா இதுதான் உங்க கேள்விலயே கனமான பகுதி. உயரமான புல்லப் பாத்ததும் "எங்களக் கைவிட்டுட்டாங்க"ன்னு நினைக்கறாங்க இல்லையா, அத அறியாமைன்னு ஒதுக்கிடாதீங்க. பொதுக் குடியிருப்புல இருக்கறவங்க பல வருஷமா லிஃப்ட் ரிப்பேருக்கும் ஒழுகற குழாய்க்கும் போன் மேல போன் போட்டுப் பதில் வராம இருந்தவங்க. அவங்க கண்ணுக்கு வெட்டாத புல்லும் ரிப்பேர் ஆகாத லிஃப்டும் ஒரே வரிசைல தெரியுது. காசு மிச்சம் பிடிக்க நம்ம தலைல இயற்கைன்னு ஒரு பேர் வெச்சுக் கட்டறாங்கன்னு சந்தேகப்படுறாங்க, சில இடத்துல அது உண்மையாவும் இருந்திருக்கு. இன்னொரு பயமும் இருக்கு, வெளிய சொல்ல மாட்டாங்க: இடத்த அழகாக்கினா அடுத்தது வாடகைய ஏத்துவாங்க, இல்ல நம்மளக் காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு. இத மீட்டிங்ல நீங்களே முதல்ல எடுத்துப் பேசுங்க. வெட்டு குறையறதால மிச்சமாகற பணம் இந்தக் குடியிருப்புலயே செலவாகணும், பராமரிப்புக் கட்டணம் ஏறக்கூடாதுன்னு எழுத்துல வாங்கிட்டு வந்து மேஜைல வெச்சுட்டுப் பேச்ச ஆரம்பிச்சீங்கன்னா பாதி சண்டை அங்கயே அடங்கிடும்.

மீதி சண்டைக்கு ஒரு நல்ல மருந்து இருக்கு. ஜோன் நாசாவர்ங்கற அமெரிக்க நிலவடிவமைப்பு ஆய்வாளர் 1995-ல ஒரு கட்டுரை எழுதினாங்க, அதோட சாரம் இதுதான்: பாக்கறதுக்கு ஒழுங்கில்லாத இயற்கைய ஒழுங்கான ஒரு சட்டத்துக்குள்ள வெச்சா ஜனங்க ஏத்துப்பாங்க, யாரோ அக்கறையாப் பாத்துக்கறாங்கங்கற அடையாளம் கண்ணுல படணும். நடைமுறைல இதுக்கு அர்த்தம், உயரமா விட்ட பகுதியச் சுத்தி ஒரு மீட்டர் அகலத்துக்கு நேர்கோட்டுல ஒட்ட வெட்டிடுங்க, உள்ள ஒரு வளைஞ்ச பாதைய வெட்டி விடுங்க, வாசலுக்கு நேரா இருக்கற பகுதிய எப்பவும் சுத்தமா வெச்சுக்கோங்க, ஓரத்துல ஒரு பெஞ்ச் போடுங்க. அந்த ஒரு மீட்டர் ஓரம் வெட்டின அன்னைக்கே புகார் குறையறத நான் ஒருதடவ இல்ல, பலதடவ பாத்திருக்கேன். போர்டு வெச்சா மட்டும் போதாது, யாரும் நின்னு படிக்கறதில்ல, ஓரம் நேரா இருந்தா படிக்காமலே புரியுது.

பாதுகாப்பப் பத்தியும் கேப்பாங்க, செடி இருந்தா யாராவது ஒளிஞ்சுப்பாங்கன்னு. இதுக்கு ஆதாரத்தோட பதில் இருக்கு. சிகாகோவுல ஐடா பி. வெல்ஸ்னு ஒரு பொதுக் குடியிருப்பு இருந்துச்சு, பின்னாடி இடிச்சிட்டாங்க. அங்க 98 கட்டடங்கள எடுத்து குவோ, சலிவன்னு ரெண்டு ஆய்வாளர்கள் போலீஸ் பதிவுகளோட ஒப்பிட்டு 2001-ல வெளியிட்டாங்க, பச்சை அதிகமா இருந்த கட்டடங்கள்ல பச்சை குறைவா இருந்த கட்டடங்கள விட 52 சதவீதம் குறைவான குற்றங்கள் பதிவாகியிருந்துச்சு. குடி வர்றவங்க கட்டடத்தத் தேர்ந்தெடுக்க முடியாத இடம் அது, அதனால வசதியானவங்க பச்சை இருக்கற பக்கமாப் போயிட்டாங்கன்னு சொல்லி இத ஒதுக்க முடியாது. ஆனா ஒண்ணக் கவனிக்கணும், அவங்க பாத்த பச்சைங்கறது மேல கிளை விரிச்ச மரமும் கீழ புல்லும்தான், ஆள் உயரப் புதர் இல்ல. நிழல் இருந்தா ஜனங்க வெளிய வந்து உக்காருவாங்க, பார்வை மறைக்கலன்னா உக்காந்தவங்க கண்ணுல எல்லாம் படும். அதனால பாதையோரம் இடுப்பு உயரத்துக்கு மேல புதர் வெக்காதீங்க, மரத்தோட கீழ்க்கிளைய ஆள் தலைக்கு மேல இருக்கற மாதிரி வளத்துக்கோங்க. அடர்த்தியான புதர் பறவைக்கு வேணும்தான், அத யாரும் நடக்காத பின்பக்கத்துக்குத் தள்ளுங்க.

அடுத்தது தண்ணி. ரெண்டாவது பிளாக் வாசல்ல தேங்குதுன்னு சொன்னீங்க, அது எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல பாருங்க, பெரும்பாலும் கூரைக் குழாயும் பார்க்கிங் தரையும்தான் காரணமா இருக்கும். கணக்கு ரொம்ப சுலபம்: ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். 400 சதுர மீட்டர் கூரைல 25 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 10,000 லிட்டர், அது முழுக்க ரெண்டு மூணு குழாய் வழியா அரைமணி நேரத்துல கீழ வந்து விழுது, வாசல்ல தேங்காம எங்க போகும். இந்தத் தண்ணிய சாக்கடைல விடாம மண்ணுக்குள்ள இறக்கறதுக்கு மழைத்தோட்டம்னு ஒண்ணு செய்வாங்க, கூரைக் குழாயோட வாயத் திருப்பி ஒரு ஆழமில்லாத பள்ளத்துக்குக் கொண்டுபோய், அதுல ஈரத்தையும் வறட்சியையும் தாங்கற செடி நடறது.

தோண்டறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிடுங்க, இதுக்கு ஒரு மண்வெட்டியும் வாளியும் போதும். ஒரு முழங்கால் ஆழம் குழி வெட்டி, தண்ணி ஊத்தி முழுசா வத்த விடுங்க, மறுபடி ஊத்தி ஒரு குச்சில அடையாளம் போட்டு மணிக்கு எத்தன சென்டிமீட்டர் இறங்குதுன்னு பாருங்க. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கூட இறங்கலன்னா அந்த இடம் சரிப்படாது, வேற இடம் பாருங்க. பல குடியிருப்புல கட்டடம் கட்டினப்ப மிஞ்சின செங்கல்லையும் கான்கிரீட் துண்டையும் போட்டு மேல நாலு விரல் மண்ணப் பரப்பி புல்லு போட்டிருப்பாங்க, தோண்டினாத்தான் தெரியும், உங்க இடத்துலயும் அப்படி இருந்தா ஆச்சரியப்படாதீங்க. பள்ளம் கட்டடத்து அஸ்திவாரத்துலேர்ந்து குறைஞ்சது மூணு மீட்டர் தள்ளி இருக்கணும். தண்ணி ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள வத்திடணும். கொசு முட்டைலேர்ந்து பறக்கற கொசுவா மாற பொதுவா ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அதனால ரெண்டு நாள்ல வத்தற பள்ளத்துல கொசு வளராது, இதக் கொசுவுக்குப் பயப்படறவங்ககிட்ட பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. பெருமழைல பள்ளம் நிரம்பினா மிச்சத் தண்ணி எந்தப் பக்கம் வழியணும்ங்கற வழியயும் முன்னாடியே வெட்டி வெச்சுடணும், இத மறந்துட்டா வாசலுக்கே திரும்பி வரும்.

இது பெரிய அளவுல நடந்த இடம் ஸ்வீடன்ல மால்மோ நகரத்துல இருக்கற ஆகஸ்டன்போர்க். 1948-லேர்ந்து 1952 வரைக்கும் கட்டின வாடகைக் குடியிருப்பு, நகராட்சியோட வீட்டுவசதி நிறுவனம்தான் சொந்தக்காரங்க. மழைத்தண்ணியும் கழிவுத்தண்ணியும் ஒரே குழாய்ல போனதால பெருமழைல பேஸ்மென்ட் எல்லாம் முங்கும், ஜனங்க வீட்டக் காலி பண்ணிட்டுப் போக ஆரம்பிச்சுட்டாங்க. 1998-ல வேலைய ஆரம்பிச்சு, கிட்டத்தட்ட 6 கிலோமீட்டருக்குத் திறந்த வாய்க்காலும் பத்துக் குளமும் வெட்டி, கூரைத் தண்ணில பெரும்பகுதிய தரைமேலயே ஓடவிட்டாங்க, கூரைங்க மேலயும் செடி வளத்தாங்க, அதுல 9,000 சதுர மீட்டருக்கு மேல ஒரு கூரைத்தோட்டமும் இருக்கு. 2014 ஆகஸ்ட் கடைசில மால்மோல பேய்மழை கொட்டி நகரமே தத்தளிச்சப்ப சுத்துப்பட்ட பகுதிகள விட இங்க சேதம் ரொம்பக் குறைவு. எனக்கு இதுல பிடிச்சது வாய்க்கால் இல்ல, அத எப்படிச் செஞ்சாங்கங்கறதுதான். திறந்த தண்ணின்னா குழந்தைங்க விழுந்துடுவாங்கன்னு பெத்தவங்க பயந்தாங்க, விளையாடற இடம் போயிடும்னு எதிர்த்தாங்க, அவங்களக் கூட்டி வெச்சுப் பேசிப் பேசி திட்டத்த மாத்தினாங்க. வரைபடத்த முடிச்சுட்டு ஒப்புதலுக்கு மட்டும் ஜனங்ககிட்டப் போகல.

களைக்கொல்லிய நிறுத்தறது இதவிட சுலபம், ஆனா வேலைய வேற மாதிரி பிரிக்கணும். பிரான்ஸ்ல 2022 ஜூலை 1-லேர்ந்து குடியிருப்புகளோட பொது இடத்துல ரசாயன பூச்சிமருந்து, களைக்கொல்லி அடிக்க சட்டமே தடை போட்டிருக்கு, அங்க இருக்கற பொதுக் குடியிருப்பு நிறுவனங்க எல்லாம் அதில்லாமத்தான் ஓட்டுறாங்க, முடியாதுங்கறதுக்கு இனிமே இடமில்ல. வழி என்னன்னா, களை வர்ற இடத்த மூடறது. செடிக்கு அடில வெறும் மண்ண விடாதீங்க, மரச்சில்லு ஏழெட்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் போடுங்க, உங்க மரங்கள வெட்டற கம்பெனியே அரைச்சுத் தந்துட்டுப் போவாங்க, காசு கொடுத்து வெளிய வாங்க வேண்டாம். மரத்துத் தண்டுல மட்டும் ஒட்டிக் குவிக்காதீங்க, பட்டை அழுகிடும், ஒரு சாண் தள்ளிப் போடுங்க. நடைபாதை இடுக்குல மிதிபடறத தாங்கற குட்டைச் செடிய நாமளே விதைச்சு விட்டா களைக்கு இடம் கிடைக்காது. மிச்சத்துக்கு சுடுதண்ணி மெஷின் இருக்கு, கையும் இருக்கு. எந்த இடத்துல களை உண்மையிலயே பிரச்சனைன்னு முதல்ல கேட்டுக்கோங்க, வீல்சேர் போற பாதைல ஆமா, பின்பக்கச் சுவரோரத்துல யாருக்கு என்ன கஷ்டம்.

சமையலறைக் கழிவ மக்க வெச்சு உரமாக்கற கம்போஸ்ட்ல நான் கொஞ்ச நேரம் நிக்கப்போறேன், ஏன்னா எங்க போனாலும் முதல்ல தோக்கறது இதுதான், தோத்தா "அப்பவே சொன்னோமே"ன்னு மொத்தத் திட்டத்தையும் சேத்துக் கவுத்துடுவாங்க. நாத்தம் வருதுன்னா பெரும்பாலும் ஒரே காரணம்தான், காத்து போகல. ஈரமான சமையலறைக் கழிவ மட்டும் மேல மேல கொட்டினா அது சேறு மாதிரி அமுங்கி உள்ள மூச்சு முட்டி அழுகுது. ஒரு வாளி ஈரக்கழிவு போட்டா ஒரு வாளியிலேர்ந்து ரெண்டு வாளி வரைக்கும் காஞ்ச பொருள் போடணும், காஞ்ச இலை, மரச்சில்லு, கிழிச்ச அட்டைப்பெட்டி. இந்தக் காஞ்ச பொருள் எப்பவும் பக்கத்துலயே ஒரு தனித் தொட்டில நிரம்பி இருக்கணும், ஒரு கையளவு கூட குறையக்கூடாது, அது காலியான வாரம்தான் நாத்தம் ஆரம்பிக்கும். நான் ஒரு இடத்துல மூடியத் திறந்து கைய உள்ள விட்டுப் பாத்தேன், மேல கொதகொதன்னு, ஒரு முழம் கீழ கை தாங்க முடியாத சூடு, அது நல்லா வேலை செய்யற குவியல். 55 டிகிரிக்கு மேல போய்க் கொஞ்ச நாள் நின்னுச்சுன்னா களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துடும். பக்கத்துத் தொட்டி சில்லுனு, பிடிச்சா தண்ணி சொட்டற மாதிரி இருந்துச்சு, அதுல யாரும் இலை போடல, ஏன்னா இலைத்தொட்டி அந்த ரெண்டாவது தொட்டிலேர்ந்து பதினைஞ்சு அடி தள்ளி இருந்துச்சு. இலைத்தொட்டிய நகத்தி ரெண்டுக்கும் நடுவுல வெச்சோம், மூணு வாரத்துல நாத்தம் போச்சு. வேற எந்த மாத்தமும் பண்ணல.

எலிக்கு அடில இரும்புவலை அடிச்சுடுங்க, கண் ஆறு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், கறி மீன் சமைச்ச சாப்பாடு ஆரம்பத்துல வேண்டாம். தொட்டி மூணா வைங்க, ஒண்ணு நிரம்பற வரைக்கும் போட, ஒண்ணு மூடி மக்க விட, ஒண்ணு இலைக்கு. பாக்கறதுக்கு ரெண்டு பேர் இருந்தா பத்தாது, ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா ஒருத்தர் ஊருக்குப் போனா நின்னுடும், ஆறு பேராவது முறை வெச்சுக்கோங்க, அவங்க நேரத்துக்கு நிறுவனம் ஏதாவது திருப்பிக் கொடுக்குதான்னும் கேளுங்க. குடியிருக்கறவங்க இலவசமா உழைக்கணும்னு எதிர்பார்த்துப் பட்ஜெட் போடறது எனக்கு நியாயமாத் தெரியல, வசதியான குடியிருப்புல யாரும் அப்படிக் கேக்கறதில்ல.

காய்கறிப் பாத்தி கேக்கறவங்க இருப்பாங்க, கொடுங்க, ஆனா மண்ண டெஸ்ட் பண்ணாம தரைல நேரடியா நடாதீங்க. பழைய கட்டடத்துப் பெயின்ட்லேர்ந்து ஈயம் உதிர்ந்து சுவரோர மண்ணுல தங்கியிருக்கும், வாகனப் புகையோட பழைய பாக்கியும் இருக்கும், டெஸ்ட்ல ஈயம் வந்தா வெளியிலேர்ந்து சுத்தமான மண்ணக் கொண்டுவந்து உயரப் பாத்தி கட்டி அதுல நடுங்க. சின்னக் குழந்தைங்க மண்ணத் தொட்டு வாயில வெக்கும், அதனால இதுல விட்டுக்கொடுக்க ஒண்ணுமில்ல. பாத்திய யாருக்குக் கொடுக்கறது, யார் பறிக்கலாம், தண்ணிக் குழாய்ச் சாவி யார்கிட்ட, மூணு மாசம் தொடாம விட்டா என்ன, இதுக்கெல்லாம் விதிய அவங்களே உக்காந்து எழுதட்டும். பொதுவுல இருக்கற காடு, மேய்ச்சல், பாசனம் எல்லாத்தையும் ஊர் ஜனங்களே எப்படி நூத்துக்கணக்கான வருஷம் அழியாம வெச்சிருந்தாங்கன்னு ஆராய்ஞ்ச எலினார் ஆஸ்ட்ரோம் 2009-ல பொருளாதார நோபல் வாங்கினாங்க. யாருக்கு உரிமைன்னு தெளிவான எல்லை, பயன்படுத்தறவங்களே எழுதின விதி, மீறினா முதல்ல சின்னதா அப்புறம் பெருசா ஒரு தண்டனை, சண்டை வந்தா பக்கத்துலயே தீத்துக்க ஒரு இடம், அவங்க கண்டது இந்த மாதிரி விஷயங்கதான். உங்க பத்துப் பாத்திக்கும் இது அப்படியே பொருந்தும். முதல்தடவ தவறினா ஒரு சீட்டு, ரெண்டாவதுக்கு நேர்ல பேச்சு, மூணாவதுலதான் பாத்திய எடுக்கறது, எடுத்த எடுப்புல பிடுங்கினா அந்தக் குடும்பம் மட்டுமில்ல அந்த மாடியே உங்களுக்கு எதிராயிடும். சிங்கப்பூர்ல பூங்கா வாரியம் 2005-லேர்ந்து சமூகத் தோட்டத் திட்டம் நடத்துது, அங்க பெரும்பாலான ஜனங்க இருக்கறது அரசு கட்டின அடுக்குமாடிகள்லதான், அந்தத் தோட்டங்கள்ல நிறைய அந்த பிளாக்குகளோட காலடிலதான் இருக்கு.

விளக்கப் பத்தி ஒரு வார்த்தை. ராத்திரி முழுக்க வெள்ளையா அடிக்கற எல்இடி போட்டா விட்டில் பூச்சியும் வௌவாலும் அந்தப் பக்கம் தடுமாறும், கீழ்வீட்டுக்காரங்களுக்கும் தூக்கம் போகும். 2700 கெல்வின் அளவுல மஞ்சளான பல்பு, வெளிச்சம் கீழ மட்டும் விழற மாதிரி மூடி, நடு ராத்திரிக்கு மேல ஆள் வந்தா மட்டும் பிரகாசமாகற சென்சார், இவ்வளவு போதும். வாசலையும் படிக்கட்டையும் இருட்டாக்காதீங்க.

மரம் நடறதுன்னா எண்ணிக்கைய நம்பாதீங்க. அம்பது கன்று நட்டோம்னு போட்டோ எடுத்துட்டுப் போவாங்க, முதல் ரெண்டு மூணு வருஷம் வெயில் காலத்துல தண்ணி ஊத்த ஆள் யார்னு எழுதலன்னா பாதி காஞ்சு நிக்கும். பத்து நடுங்க, பத்துக்கும் பேர் போட்டு ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒப்படைங்க, தண்ணி ஊத்தற வேலைய காண்ட்ராக்ட்லயும் சேருங்க. ஒரே வகையா நடாதீங்க, ஒரு நோய் வந்தா வரிசையாப் போயிடும். ஏற்கனவே இருக்கற பெரிய மரத்தக் காப்பாத்தறது புதுசா இருபது நடறத விட மேல், அதோட வேர் பரவின இடத்துல லாரிய நிறுத்த விடாதீங்க, மண்ணு இறுகினா வேருக்கு மூச்சு முட்டும், நாலஞ்சு வருஷம் கழிச்சுக் காய ஆரம்பிக்கும், அப்ப யாருக்கும் காரணம் ஞாபகம் இருக்காது.

காசு இல்லன்னு சொன்னீங்க. உங்க காண்ட்ராக்ட்ல பாதி இடத்துக்கு வெட்டு வருஷத்துக்கு ரெண்டா குறைஞ்சா அந்த நேரம் மிச்சம், ஆனா அள்ளி எடுக்கற வேலை கூடும், அதனால முதல் வருஷம் பெருசா லாபம் எதிர்பார்க்காதீங்க. வேலை செய்யறவங்களுக்குப் பயிற்சி நேரத்த அதுல சேத்துக் கேளுங்க. இத்தன நாள் ஒட்ட வெட்டறதுதான் நல்ல வேலைன்னு சொல்லி வளத்தவங்கள திடீர்னு வெட்டாதேன்னு சொன்னா குழம்பிப் போவாங்க. அந்த மெஷின் ஓட்டுன பையன அடுத்த வருஷம் கூட்டத்துக்குக் கூப்பிட்டோம், எந்தச் சரிவுல மெஷின் வழுக்குது, எந்த மூலைல எப்பவும் ஈரம், எங்க முள்ளெலி பாத்தான்னு அவன் சொன்னது எங்க யார் மேப்லயும் இல்ல.

இந்த மாசம் செய்ய வேண்டியது காண்ட்ராக்ட கேட்டு ஒரு கடிதம், மேப்புக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, மண்ணுல ஒரு குழி. முதல் இடமா பின்பக்கச் சரிவ எடுத்துக்கோங்க, ரெண்டாவது பிளாக் வாசல் தண்ணிய அதுக்கு அடுத்து வைங்க, தண்ணி தேங்கறது நின்னு போனதப் பாத்தாங்கன்னா இஷ்டமில்லாதவங்கள்ல கொஞ்சப் பேராவது தானா வருவாங்க. முதல் வருஷம் பாக்க நல்லா இருக்காது, புல்லு சாஞ்சு கிடக்கும், பூ அங்கங்க ஒண்ணு ரெண்டுதான், புகார் அதிகமா வர்றதும் அந்த வருஷம்தான். மாடிப்படி ஜன்னல் ஒண்ணத் தேர்ந்தெடுத்து மாசம் ஒருதடவ அதே ஜன்னல்லேர்ந்து ஒரு போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டுல தேதியோட ஒட்டிட்டே வாங்க, புது காண்ட்ராக்ட் பேச உக்காரும்போது அந்தப் போட்டோ வரிசைய கையில எடுத்துட்டுப் போங்க.